44 எப்படி 48 ஆனது: தன்லின் கோழிப்பண்ணையில் புளிக்கவைத்த சோயாப் புண்ணாக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

பரிசோதனைக் கூடத்திலிருந்து தாள் வந்த அன்று பெரியப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பூக்குழி இறங்கி வந்தவர் மாதிரி ஒரு நிமிர்வு. புளிக்கவைப்பதற்கு முன் அனுப்பிய சோயாப் புண்ணாக்கில் புரதம் 44 சதவீதம், புளிக்கவைத்து உலர்த்தி அனுப்பியதில் 48. "நாலு விளைஞ்சிருக்கு பாத்தியா" என்றார், ஏதோ வயலில் அறுத்துக்கொண்டு வந்தது போல. அந்த 48-ஐ நம்பி அடுத்த வாரமே குஞ்சுத் தீவனத்தில் கலந்தோம். குஞ்சுகள் இளைத்தன. தாளில் ஏறியது கொட்டகையில் இறங்கியது ஏன் என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, அதனால்தான் விவரமாக எழுதி வைக்கிறேன்.

எனக்குப் பர்மாவில், யாங்கோனுக்குப் பக்கத்துத் தன்லினில் தீவனக் கடை. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்னமும் சிரியம்தான், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலைக்கு வந்த தாத்தாக்கள் விட்டுப்போன பெயர். பெரியப்பாவின் பண்ணை சாவுத்தான் போகும் சாலையில் இருக்கிறது: கறிக்கோழிக் கொட்டகை இரண்டு, பக்கத்தில் ரோகு மீன் குளம் ஒன்று. வேலைக்கு ஷான் மாநிலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த வீட்டு அம்மாவை நாங்கள் நாங் அக்கா என்று கூப்பிடுவோம். நாங் என்பது ஷான் பெண்கள் பெயருக்கு முன்னால் வருகிற மரியாதைச் சொல்தான், அதுவே எங்களுக்குப் பெயராகிவிட்டது. இந்தக் கதையில் என்னை விடவும் பெரியப்பாவை விடவும் முக்கியமான ஆள் அவர்.

பிரச்சினை தொடங்கியது முதல் இரண்டு வாரக் குஞ்சுகளில். பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்துபோன குஞ்சுகள், ஈரமாகிக் கட்டி கட்டியாக இறுகும் உமிக் கூளம், உள்ளே குனிந்தால் கண் எரிகிற வாடை. நோயா என்று பார்த்தோம், மருந்தும் கொடுத்துப் பார்த்தோம், நின்ற மாதிரி நின்று திரும்பவும் வந்தது. பெரிய கோழிகளுக்கு அதே புண்ணாக்கில் ஒரு தொந்தரவும் இல்லை, அது ஒரு துப்பு.

புண்ணாக்கு சரியாக வறுபடவில்லையோ என்பதுதான் முதல் சந்தேகம். இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். யூரியாக் கரைசலில் பெனால் ரெட் என்ற நிறக்காட்டியைக் கலந்து, ஒரு தட்டில் புண்ணாக்கைப் பரப்பி நனைத்து, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். தேன் நிறத்துக் கரைசலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புப் புள்ளிகள் வந்தால் சரியான பதம். தட்டு முழுக்கச் சிவந்தால் வறுபடாத பச்சைச் சரக்கு, ஒரு புள்ளியும் வரவில்லையென்றால் கருக வறுத்துவிட்டார்கள். சோயாவில் இயல்பாக உள்ள யூரியேஸ் என்ற நொதி சூட்டில் சாகிறது, புரதத்தைச் செரிக்கவைக்கிற டிரிப்சினைத் தடுக்கிற பொருளும் ஏறத்தாழ அதே சூட்டில்தான் சாகிறது, ஒன்றைப் பார்த்தால் மற்றதை ஊகிக்கலாம். 1917-லேயே ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் பச்சைச் சோயா தின்ற எலி வளராமலும் வேகவைத்ததைத் தின்ற எலி வளர்ந்தும் இருப்பதை எழுதிவிட்டார்கள். எங்கள் தட்டில் வந்தவை அளவான புள்ளிகள், ஆகவே வறுவல் நன்றாகத்தான் இருந்தது.

அப்படியென்றால் மிச்சம் என்ன? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள், நானும் தவறியிருக்கிறேன். வறுத்தால் சோயாவின் குற்றமெல்லாம் போய்விடும் என்று நினைக்கிறோம், ஆனால் சூட்டுக்கு மசியாத சமாச்சாரங்கள் உண்டு. ஸ்டாக்கியோஸ், ராஃபினோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கிற நொதி கோழிக்கும் கிடையாது, பன்றிக்கும் கிடையாது, நமக்கும் கிடையாது. மொச்சை தின்றவன் வயிறு ஏன் உப்புகிறது என்பதற்கும் இதுதான் விடை. செரிக்காத இந்தச் சர்க்கரை குடலின் கடைப்பகுதிக்குப் போய், தண்ணீரை இழுத்துக்கொண்டு, அங்கே உள்ள கிருமிகளுக்கு விருந்தாகிறது, எச்சம் இளகுகிறது. அடுத்து கிளைசினின், பீட்டா கான்கிளைசினின் என்ற இரண்டு பெரிய சேமிப்புப் புரதங்கள். சோயாப் புரதத்தில் பெரும்பங்கு இவைதான், சூடு இவற்றை முழுக்க அடக்குவதில்லை, இளங்குடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் அழற்சி உண்டாக்குவதும் இவைதான். பால் மறந்த பன்றிக்குட்டிகளில் இது இன்னும் மோசம். மூன்றாவது பைட்டிக் அமிலம். புண்ணாக்கில் உள்ள பாஸ்பரஸில் பாதிக்கு மேல் அதனோடு பிணைந்து கிடக்கிறது, துத்தநாகத்தையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். வளர்ந்த கோழி இதையெல்லாம் எப்படியோ சமாளித்துக்கொள்கிறது, மூன்று நாள் குஞ்சுக்கு அந்தத் தெம்பு இல்லை.

புளிக்கவைத்தால் இந்த மூன்றையும் நுண்ணுயிர்களே தின்றோ உடைத்தோ தீர்த்துவிடும் என்பது புதிதல்ல, சீனாவில் இதைப் பெரிய ஆலைகளே செய்து விற்கின்றன. பெரியப்பா யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து, "மாவு புளிக்க வைக்கத் தெரியாதா நமக்கு" என்று ஆரம்பித்தார்.

முதல் முயற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மானம் போகிற விஷயம். சொதசொதவென்று தண்ணீர் ஊற்றி, கடையில் வாங்கிய பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாத் தூளைக் கலந்து, சிமெண்ட் தரையில் இடுப்பளவு குவித்து, தார்பாய் போட்டு மூடினோம். மறுநாள் கையை உள்ளே விட்டால் சுடுசோற்றுப் பானை. மூன்றாம் நாள் தார்பாயைத் தூக்கியபோது அடித்த அம்மோனியாவில் பெரியப்பாவின் கண்ணில் தண்ணீர் வந்தது, அழுதாரா எரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

நாங் அக்கா அப்போதுதான் வந்தார். குவியலின் ஓரத்தில், காற்றுப் பட்ட இடத்தில், ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தி மெதுவாகப் பிரித்தார். மெல்லிய நூல், சிலந்தி இழை மாதிரி, ஒரு விரற்கடை நீளத்துக்கு இழுபட்டு அறுந்தது. முகர்ந்து பார்த்து, "இது பெபோக்" என்றார். குவியலின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தார், சட்டென்று வீசி எறிந்துவிட்டு, "இது பெபோக் இல்லை, இது பிணம்" என்றார்.

பெபோக் என்றால் பர்மியச் சொல்லில் அழுகின பயறு. ஷான் சமையலின் உயிர் அது. சோயாவை வேகவைத்து, இலை பரப்பிய கூடையில் இரண்டு மூன்று நாள் கதகதப்பாக வைத்து, இடித்து, வட்ட வட்டமாகத் தட்டி வெயிலில் காயவைப்பார்கள். தௌஞ்சி பக்கம் சந்தையில் அப்பளம் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். ஜப்பான்காரரின் நத்தோவும் வடக்குத் தாய்லாந்தின் துவா நாவோவும் இதன் சொந்தக்காரர்கள்தான், எல்லாவற்றிலும் வேலை செய்வது பேசில்லஸ் சப்டிலிஸ் வகையறா. நாங்கள் கடையில் காசு கொடுத்து வாங்கிய தூளும் அதேதான். அந்தப் பாக்டீரியாவோடு பிறந்ததிலிருந்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தூள் டப்பாவின் பின்புறத்தைப் படித்துக்கொண்டிருந்தோம்!

பெபோக்குக்குக் காற்று வேண்டும், தோசை மாவுக்கு வேண்டாம். எங்கள் தப்பின் வேர் இதுதான். பேசில்லஸ் மூச்சுவிட்டு வளர்கிற உயிர், புரதத்தைக் கத்தரிக்கிற நொதியை அள்ளி விடும், அதனால்தான் பெரிய புரதங்கள் சிறு துண்டுகளாகின்றன. ஆனால் விட்ட இடத்தில் நிற்காது, அமினோ அமிலத்தையும் உடைத்து அம்மோனியாவாக்கிவிடும். தோசை மாவைப் புளிக்கவைக்கிற லாக்டிக் பாக்டீரியாவோ மூடிய பாத்திரத்துப் பிராணி, சர்க்கரையைத் தின்று புளிப்பைத் தரும், புரதத்தை அவ்வளவாகத் தொடாது. குவியலின் நடுவில் காற்றும் இல்லை, புளிப்பும் இல்லை, சூடு மட்டும் இருந்தது. அங்கே கண்ட கிருமியும் குடியேறிவிட்டது.

இரண்டாவது முயற்சி பெரியப்பாவின் தோசை மாவு யோசனை. வீட்டுப் புளித்த மாவைக் கரைத்து ஊற்றி, பிளாஸ்டிக் சாக்கில் காற்றில்லாமல் இறுக்கிக் கட்டினோம். புளித்தது, நன்றாகவே புளித்தது, வாசனைகூட ஆப்ப மாவு மாதிரி இருந்தது. ஒரு சாக்கு நான்கு நாளில் தயார், அடுத்தது ஆறு நாளாகியும் பாதிதான். மாவில் எந்த உயிர் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மார்கழிக் குளிரில் வீட்டு மாவே பொங்காது. ஆனாலும் அந்த நல்ல சாக்கிலிருந்து உலர்த்தி அனுப்பியதற்குத்தான் 48 வந்தது.

அந்தச் சாக்குகளை வைத்து, குஞ்சுத் தீவனத்தில் 100 கிலோவுக்கு 20 கிலோ சோயாப் புண்ணாக்கை எடுத்துவிட்டு 20 கிலோ புளித்ததைப் போட்டோம், ஈரமாகவே. கடையில் நிறுத்தவன் நான்தான், வீசைக் கணக்கில் நிறுத்தேன், கிலோவுக்கு மாற்றிப் பார்த்தேன், சரியாக இருந்தது. (ஒரு வீசை 1.63 கிலோ. பர்மாவில் எல்லோரும் நிறுக்கிற அளவுக்கு வெள்ளைக்காரன் எழுதிய பெயர் நம்முடைய வீசை, இது தெரியாத பர்மியர்களிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள்.) பத்து நாளில் பக்கத்துக் கொட்டகைக் குஞ்சுகளை விட இவை சிறுத்திருந்தன. பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள்.

கணக்கு இப்படிப் போகிறது. சாதாரணப் புண்ணாக்கில் ஈரம் 12 சதவீதம், உலர்பொருள் 88. புளித்த சாக்கில் ஈரம் 45, உலர்பொருள் 55. நான் எடுத்தது 17.6 கிலோ உலர்பொருள், போட்டது 11 கிலோ. மிச்சம் 9 கிலோ வெறும் தண்ணீர். புரதத்தில் மட்டும் 100 கிலோ கலவைக்கு 2 கிலோவுக்கு மேல் துண்டு விழுந்தது, குஞ்சுத் தீவனத்தில் மொத்தமே 22 கிலோ சுமாருக்குத்தான் இருக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்துக்கு உலர்த்தி அனுப்பினோம், கோழிக்கு ஈரமாகப் போட்டோம். தாளில் இருந்த பொருளும் தொட்டியில் இருந்த பொருளும் ஒன்றல்ல. இவ்வளவுதான் மர்மம். பத்தாம் வகுப்புக் கணக்கு, ஆனால் புளிக்கவைத்த தீவனம் "எடுபடவில்லை" என்று கைவிட்டவர்களில் பாதிப் பேர் இங்கேதான் விழுந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

சரி, அந்த 48? அதுவும் பொய்யில்லை, ஆனால் விளைச்சலும் இல்லை. 100 கிலோவில் 44 கிலோ புரதம் என்று வையுங்கள். புளிக்கும்போது நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவாக ஊதிவிடுகின்றன. அப்படி 8 கிலோ போய்விட்டால் மிஞ்சுவது 92 கிலோ, புரதம் அதே 44 கிலோ. 44-ஐ 92-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 48 சதவீதம். வகுக்கிற எண் சுருங்கியிருக்கிறது, புரதம் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. பால் சுண்டினால் திரட்டுப்பால் ஆவது மாதிரி. "அப்ப எட்டுக் கிலோ நஷ்டமா?" என்று பெரியப்பா பதறினார். எடை நஷ்டம்தான். ஆனால் போனதில் நல்ல பங்கு குஞ்சின் வயிற்றைக் கெடுத்த அந்தச் சர்க்கரை.

இன்னொன்று. இந்தச் சோதனை நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறது. அம்மோனியாவிலும் நைட்ரஜன்தான் இருக்கிறது, அதனால் கெட்டுப்போன மூட்டைக்கும் அது நல்ல மதிப்பெண் போடக்கூடும். முதல் குவியலை ஈரத்தோடு அனுப்பியிருந்தால் அதற்கும் தாள் சிரித்துக்கொண்டு வந்திருக்கும். பணம் கொடுத்து அளப்பதென்றால் சிறு புரதத் துண்டுகள் எவ்வளவு, ஸ்டாக்கியோஸ் எவ்வளவு மிச்சம், லைசின் என்ற அமினோ அமிலம் பிழைத்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். அதெல்லாம் செலவு. எங்களுக்குக் கட்டுப்படியானவை புளிப்பை அளக்கிற பி.எச். காகிதம், வெப்பமானி, நாங் அக்காவின் மூக்கு.

கடைசியில் படிந்த முறை இரண்டு கட்டம். 90 கிலோ புண்ணாக்கு, 10 கிலோ கோதுமைத் தவிடு. இங்கே அரிசித் தவிடு மலிவு, ஆனால் பைட்டிக் அமிலத்தை உடைக்கிற பைட்டேஸ் நொதி கோதுமைத் தவிட்டில் இயல்பாகவே நிறைய, அரிசித் தவிட்டில் குறைவு, அதோடு அரிசித் தவிடு எண்ணெய் கக்கிச் சீக்கிரம் சிக்குவாடை பிடிக்கும். பனைவெல்லம் ஒரு கிலோ, மேல் பர்மாச் சரக்கு, கரைத்து ஊற்ற. தண்ணீர் 60 லிட்டர்: 88 கிலோ உலர்பொருள் 55 சதவீதமாக வேண்டுமென்றால் மொத்தம் 160 கிலோ வர வேண்டும், அதனால் 60. கையில் பிடித்து இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது, கீழே போட்டால் உதிர வேண்டும். கொழுக்கட்டை மாவு பிசைகிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும், எனக்குத்தான் பழகப் பத்து நாள் ஆயிற்று.

முதல் நாள் பேசில்லஸ். நான்கு விரல் உயரத்துக்கு மேல் பரப்பக் கூடாது, ஈரச்சாக்கு மட்டும் மேலே, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறல். வெப்பமானி 42-ஐத் தாண்டினால் உடனே கிளறு. நூல் வருகிறதா என்று நாங் அக்கா பார்ப்பார், நூல் வந்து அம்மோனியா வாடை தலைகாட்டுவதற்கு முன்னால் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிட வேண்டும், ஒரு நாள் அல்லது கொஞ்சம் கூட. அந்த நேரத்தைக் கடிகாரத்தால் சொல்ல முடியவில்லை. சித்திரையில் இருபது மணி நேரத்தில் ஆகிவிடும், தையில் ஒன்றரை நாள் ஆகும். பிறகு தூளாக வாங்கிய லாக்டிக் கலவையைத் தெளித்து, காற்று வெளியே போகும் உள்ளே வராத அடைப்பான் உள்ள பையில் அடைத்து மூன்று நாள். புளிப்பு ஏற ஏற பேசில்லஸின் கை அடங்குகிறது, அம்மோனியாப் பேச்சு நிற்கிறது. பி.எச். காகிதம் 5-க்குக் கீழே இறங்கினால் பையைத் திறக்கலாம். பையில் எங்காவது பச்சை, கறுப்புப் பூஞ்சை தெரிந்தால் அந்தப் பை முழுவதும் குப்பைக்குத்தான், மேலே சுரண்டிவிட்டு மிச்சத்தைப் போடுகிற சிக்கனம் இந்த ஈர நாட்டில் வேண்டாம், அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கண்ணுக்குத் தெரியாது.

பெபோக் வட்டையே விதையாகப் போட்டால் என்ன என்று பெரியப்பா கேட்டார். நல்ல கேள்வி. அதில் பேசில்லஸ் சப்டிலிஸ் இருக்கும், கூடவே பேசில்லஸ் சீரியஸ் என்ற பங்காளியும் இருக்கலாம், அவன் வயிற்றைக் கெடுப்பவன். மனிதர் அதை வறுத்தோ சமைத்தோ தின்கிறார்கள். தீவனத்தை யார் சமைக்கப் போகிறார்கள்?

அப்புறம் ஒழுங்கான சோதனை. ஒரே கொட்டகையை நடுவில் மூங்கில் தட்டியால் பிரித்து, ஒரே நாளில் வந்த குஞ்சுகளைப் பாதிப் பாதியாக விட்டோம். ஒரு பக்கம் வழக்கமான தீவனம். மறுபக்கம் 100 கிலோவில் 8 கிலோ புண்ணாக்கை எடுத்துவிட்டு அதற்கு ஈடாக 12.8 கிலோ ஈரமான புளித்த புண்ணாக்கு, இந்த முறை உலர்பொருள் கணக்குப்படி. அன்றன்றைக்குக் கலந்து அன்றன்றைக்கே தீர்ப்பது, தொட்டியில் ராத்தங்கல் கிடையாது. பெரியப்பா நடுவில் இரண்டு முறை புளித்த பக்கத்துக்குக் கூடுதலாக ஒரு கை அள்ளிப் போடப் பார்த்தார், கையும் களவுமாகப் பிடித்தேன்.

21-ஆம் நாள் நிறுத்தோம். புளித்த பக்கம் எடை கூடுதல்தான், ஆனால் ஊரைக் கூட்டிச் சொல்கிற கூடுதல் இல்லை, ஒரே ஒரு தொகுதியை வைத்துச் சத்தியம் பண்ணவும் நான் தயாரில்லை. கூளத்தில்தான் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. வழக்கமான பக்கத்தில் உமியை ஒரு பிடி அள்ளி இறுக்கினால் அப்படியே பிடி கொழுக்கட்டையாக நிற்கிறது. தட்டிக்கு இந்தப் பக்கம் அதே பிடி விரலைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. பின்பக்கம் ஒட்டிய குஞ்சுகள் இந்தப் பக்கம் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. வாடையும் அப்படியே. மருந்துச் சீட்டு இல்லாமல் முதல் மூன்று வாரம் கடந்தது பெரியப்பாவுக்கு வெகு காலத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறை.

உலர்த்தி மூட்டை கட்டி விற்கலாமே என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். 100 கிலோவுக்கு ஊற்றின 60 லிட்டரையும் திரும்ப வெளியே எடுக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். வைகாசி பிறந்தால் ஐப்பசி வரைக்கும் இங்கே மழை, வெயிலை நம்ப முடியாது. கரண்ட் வரும் நேரத்தை நம்பி உலர்த்தும் இயந்திரம் வாங்கினவன் பைத்தியக்காரன். அவசரப்பட்டு அடுப்புச் சூட்டில் உலர்த்தினால் லைசின் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு செரிக்காமல் போகும், உயிரைக் கொடுத்துச் செய்த வேலை பழுப்பு நிறமாகி நிற்கும். அதனால் ஈரமாகவே, பண்ணையிலேயே, சின்ன அளவில் செய்கிறோம். பதினான்கு நாளுக்கு மேற்பட்ட கோழிக்குக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம். அதன் குடல் சாதாரணப் புண்ணாக்கையே செரித்துக்கொள்கிறது, புளிப்பில் போகிற அந்த 8 கிலோ உலர்பொருளையும் ஓர் ஆளின் உழைப்பையும் அதற்காக எரிப்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

இப்போது பெரியப்பாவின் கண் குளத்தின் மேல். ரோகுக் குஞ்சுகளுக்குக் கடலைப் புண்ணாக்கும் தவிடும்தான் போடுகிறார், அதில் பாதியை மாற்றலாமா என்கிறார். ஈரத்தீவனம் தண்ணீரில் விழுந்ததும் கரைந்துபோகாமல் இருக்க ஏதாவது ஒட்டுப்பொருள் வேண்டும், கிழங்கு மாவைக் காய்ச்சிக் கலந்து உருண்டை பிடித்துப் பார்க்கிறோம். முதல் மூன்று உருண்டைகளைக் குளத்தில் போடுவதற்கு முன்னால் நாங் அக்கா ஒன்றைப் பிட்டு முகர்ந்தார், உப்பும் மிளகாயும் இருந்தால் தானே சாப்பிட்டுவிடுவேன் என்றார்.